ஹதீஸ்களைக் காத்த அறிஞர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நபி (ஸல்) அவர்களின் பெயரால் வரும் ஒரு செய்தி உண்மையிலேயே அவர்களிடமிருந்துதான் வந்தது என்பதை அக்கால அறிஞர்கள் எப்படி உறுதி செய்தார்கள் என்று கேட்பவர்களுக்காக இந்தக் கேள்வி-பதில்கள் தொகுக்கப்பட்டுள்ளன. அறிவிப்பாளர்களின் நல்லொழுக்கத்தை மட்டும் பார்த்து ஹதீஸ்கள் (நபிமொழிகள்) ஏற்கப்பட்டன என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதைவிடப் பெரிய பங்கு, ஒரே செய்தியின் பல அறிவிப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்த உழைப்புக்கு உண்டு. எனவே பதில்கள் அந்த உழைப்பையே அதிகம் சுற்றிவருகின்றன.

ஒரு ஹதீஸில் உள்ள பகுதிகள் எவை?

செய்தி ஒன்று, அச்செய்தி யார் யார் வழியாக வந்தது என்ற அறிவிப்பாளர் தொடர் மற்றொன்று. முன்னதை மத்ன் என்றும் பின்னதை இஸ்னாத் என்றும் அழைப்பார்கள்.

இமாம் புகாரி தொகுத்த நூலான ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸையே எடுத்துக்கொள்வோம். "செயல்கள் யாவும் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன" என்று தொடங்கும் அச்செய்தியை இமாம் புகாரி தம் ஆசிரியர் ஹுமைதியிடம் கேட்டார். ஹுமைதி சுஃப்யான் இப்னு உயைனாவிடமும், அவர் யஹ்யா இப்னு ஸஈத் அல்அன்ஸாரியிடமும், அவர் முஹம்மது இப்னு இப்ராஹீம் அத்தைமீயிடமும், அவர் அல்கமா இப்னு வக்காஸிடமும் கேட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் (பள்ளிவாசலின் உரைமேடையில்) நின்று இதைச் சொல்லக் கேட்டவர் அல்கமா. நபி (ஸல்) அவர்களுக்கும் இமாம் புகாரிக்கும் இடையே ஆறு பேர் இருக்கிறார்கள். அந்த ஆறு பேரும் பெயரால் அறியப்பட்டவர்கள்.

இத்தொடரில் உமர் (ரலி) தொடங்கி யஹ்யா இப்னு ஸஈத் வரை ஒவ்வொரு படியிலும் ஒருவர் மட்டுமே இருக்கிறார். யஹ்யாவிடமிருந்துதான் ஏராளமானோர் கேட்டுப் பரப்பினார்கள். இமாம் மாலிக் அவர்களுள் ஒருவர். இந்த விவரம் மீண்டும் தேவைப்படும் என்பதால் வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நபி (ஸல்) அவர்கள் மறைந்து இருநூறு ஆண்டுகள் கழித்துத்தான் ஹதீஸ்கள் எழுதப்பட்டன என்பது சரியா?

சரியன்று. இன்று நம் கையில் தவழும் பெருந்தொகுப்புகள் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் உருவானவை என்பது உண்மை. ஆனால் தொகுப்பது வேறு, முதன்முதலாக எழுதுவது வேறு.

நபி (ஸல்) அவர்களின் வாழ்நாளிலேயே அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் அனுமதி பெற்று எழுதிவந்தார்கள். அவர்களின் ஏடு 'ஸஹீஃபா ஸாதிகா' என்ற பெயரால் அறியப்பட்டது. எழுத வேண்டாம் என்று தடுத்த அறிவிப்பும் இமாம் முஸ்லிமின் தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. குர்ஆன் வசனங்களோடு ஹதீஸ் கலந்துவிடக்கூடாது என்பதற்காகத் தொடக்கத்தில் விதிக்கப்பட்ட தடை அது என்பது அறிஞர்கள் பலரின் விளக்கம்.

இதைவிடத் தெளிவான சான்று ஒன்றும் உண்டு. அபூஹுரைரா (ரலி) அவர்களின் மாணவரான யமன் நாட்டு ஹம்மாம் இப்னு முனப்பிஹ், தம் ஆசிரியரிடம் கேட்ட ஏறத்தாழ 138 ஹதீஸ்களை ஓர் ஏடாக வைத்திருந்தார். அந்த ஏட்டை ஹம்மாமிடமிருந்து மஅமரும், அவரிடமிருந்து அப்துர் ரஸ்ஸாக்கும், அவரிடமிருந்து இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலும் பெற்றார்கள். ஹைதராபாத்தில் பிறந்த அறிஞர் முஹம்மது ஹமீதுல்லாஹ், டமாஸ்கஸிலும் பெர்லினிலும் இருந்த அதன் கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு 1953ஆம் ஆண்டில் பதிப்பித்தார். அந்தப் பழைய ஏட்டில் உள்ளவற்றையும் இமாம் அஹ்மதின் தொகுப்பான முஸ்னத் அஹ்மதில் உள்ளவற்றையும் பக்கத்தில் பக்கம் வைத்து எவரும் சரிபார்க்க முடியும். பொருள் மாறாமல் அவை வந்து சேர்ந்திருப்பதை அந்த ஒப்பீடு காட்டுகிறது.

கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ஆட்சி 717–720) மதீனாவின் அபூபக்ர் இப்னு ஹஸ்முக்கு, அறிவுடையோர் மறைந்துவருவதால் நபிமொழிகளைத் தேடி எழுதுமாறு கடிதம் அனுப்பினார். இமாம் ஸுஹ்ரி (மறைவு 742) அக்காலத்தில் இப்பணியின் முதன்மையான ஆளாக இருந்தார். இமாம் மாலிக்கின் முவத்தா என்ற தொகுப்பு இதற்கு அடுத்த தலைமுறையின் விளைச்சல்.

"யாரிடம் கேட்டீர்?" என்று விசாரிக்கும் வழக்கம் எப்போது தொடங்கியது?

பஸராவின் இப்னு சீரீன் (மறைவு 729) இதற்கு நேரடியான விடை தந்திருக்கிறார். ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் அது பதிவாகியுள்ளது. முன்பு மக்கள் அறிவிப்பாளர் தொடரைப் பற்றிக் கேட்டதில்லை என்றும், குழப்பம் தோன்றிய பிறகு "உங்களுக்குச் சொன்னவர்களின் பெயர்களைக் கூறுங்கள்" என்று கேட்கத் தொடங்கினார்கள் என்றும் அவர் சொன்னார். முஸ்லிம்களிடையே அரசியல் பிளவு ஏற்பட்டு, ஒவ்வொரு தரப்பும் தனக்குச் சாதகமான சொல்லைத் தேடிய காலம் அது. இதே முன்னுரையில் அப்துல்லாஹ் இப்னு முபாரக்கின் (மறைவு 797) கூற்றும் இருக்கிறது: இஸ்னாத் மார்க்கத்தின் ஒரு பகுதி, அது இல்லாவிட்டால் விரும்பியவர் விரும்பியதையெல்லாம் சொல்லியிருப்பார்.

இட்டுக்கட்டியவர்கள் யார்? ஏன் அப்படிச் செய்தார்கள்?

எல்லோரும் பகைவர்கள் அல்லர் என்பதுதான் இதில் வேதனையான செய்தி. சிலர் ஆட்சியாளரை மகிழ்விக்க இட்டுக்கட்டினார்கள். புறா வளர்ப்பில் விருப்பமுடைய கலீஃபா மஹ்தியின் அவைக்கு வந்த கியாஸ் இப்னு இப்ராஹீம், அம்பு, ஒட்டகம், குதிரை ஆகியவற்றில்தான் போட்டி உண்டு என்ற நபிமொழியைச் சொல்லி, "சிறகுடையவற்றிலும்" என்று ஒரு சொல்லைத் தாமாகச் சேர்த்தார். கலீஃபா பரிசளித்தார், அவர் திரும்பிச் செல்லும்போது "இது பொய்யரின் பிடரி என்று சாட்சி சொல்கிறேன்" என்று கூறி, பொய்க்குக் காரணமான புறாக்களை அறுக்கச் சொன்னதாக வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. வேறு சிலர் நல்லெண்ணத்தில் பொய் சொன்னார்கள். மக்கள் குர்ஆனை விட்டு வேறு நூல்களில் மூழ்கிவிட்டதாகக் கருதிய நூஹ் இப்னு அபீ மர்யம், ஒவ்வோர் அத்தியாயத்தின் சிறப்பைப் பற்றியும் செய்திகளைப் புனைந்ததாகக் கூறப்படுகிறது.

பொய்யைப் பிடிக்கப் பொய்யையும் படித்திருக்க வேண்டும் என்பதை அறிஞர்கள் உணர்ந்திருந்தார்கள். யமனின் ஸன்ஆ நகரில் ஹதீஸ் விமர்சகர் யஹ்யா இப்னு மயீன் தனியாக அமர்ந்து, அபான் என்பவர் அனஸ் (ரலி) வழியாக அறிவித்த ஏட்டைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். அபான் ஏற்கத்தகாதவர் என்று அறிந்திருந்தும் ஏன் எழுதுகிறீர் என்று இமாம் அஹ்மத் கேட்டார். நாளை ஒருவர் வந்து அபானின் பெயரை எடுத்துவிட்டு நம்பகமான ஸாபித்தின் பெயரை அங்கே வைத்து அறிவித்தால், "நீர் பொய் சொல்கிறீர், இது அபானுடையது" என்று சொல்வதற்காகத்தான் என்பது அவருடைய பதில்.

ஓர் அறிவிப்பாளரின் நினைவாற்றலை எப்படிச் சோதித்தார்கள்?

முக்கியமான கேள்வி இதுதான். பதிலும் நீளமாகவே அமைய வேண்டும்.

முதல் வழி நேரடிச் சோதனை. கூஃபாவின் அபூ நுஐம் என்ற பெரியவரைச் சோதிக்க விரும்பிய யஹ்யா இப்னு மயீன், அவருடைய முப்பது ஹதீஸ்களை ஒரு தாளில் எழுதி, பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அவருடையதல்லாதவற்றை நுழைத்தார். வேண்டாம், அவர் நம்பகமானவர் என்று உடன் வந்த இமாம் அஹ்மத் தடுத்தும் அவர் கேட்கவில்லை. வாசிக்க வாசிக்க அபூ நுஐம் ஒவ்வோர் இடைச்செருகலையும் "இது என்னுடையதன்று, அடித்துவிடு" என்றார். மூன்றாவது வந்ததும் சூழ்ச்சி புரிந்து யஹ்யாவைக் காலால் உதைத்துத் திண்ணையிலிருந்து தள்ளிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அந்த உதை ஹதீஸ் தேடிச் சென்ற தம் பயணத்தையே விடத் தமக்குப் பிடித்தமானது என்றார் யஹ்யா.

இரண்டாவது வழி ஒப்பிடுதல். இதுதான் இக்கலையின் முதுகெலும்பு. பஸராவின் ஹம்மாத் இப்னு ஸலமாவின் நூல்களைக் கேட்க விரும்பி, யஹ்யா இப்னு மயீன் ஹம்மாதின் மாணவர் அஃப்பானிடம் வந்தார். வேறு யாரிடமும் இதைக் கேட்கவில்லையா என்று அஃப்பான் வினவ, பதினேழு பேரிடம் கேட்டுவிட்டேன் என்றார். அப்படியானால் நான் சொல்லமாட்டேன் என்று அஃப்பான் மறுத்துவிட்டார். யஹ்யா பஸராவுக்கு மூஸா இப்னு இஸ்மாயீலிடம் சென்று, "நீங்கள் பதினெட்டாமவர்" என்றார். இத்தனை பேரிடம் கேட்டு என்ன செய்யப்போகிறீர் என்று மூஸா கேட்டார். அதற்கு யஹ்யா சொன்ன பதிலை இப்னு ஹிப்பான் பதிவு செய்திருக்கிறார்: ஹம்மாத் தவறு செய்வதுண்டு, அவருடைய தவறையும் அவருடைய மாணவர்களின் தவறையும் பிரித்தறிய விரும்புகிறேன், மாணவர்கள் அனைவரும் ஒரு தவறில் ஒன்றுபட்டால் அது ஹம்மாதுடையது, ஒருவர் மட்டும் விலகினால் அது அந்த ஒருவருடையது.

இம்முறை உண்மையில் எப்படி வேலை செய்தது என்பதற்கு, முன்பு பார்த்த 'எண்ணங்கள்' ஹதீஸே சான்று. இமாம் மாலிக்கின் மாணவர்கள் பலரும் அதை மாலிக், யஹ்யா இப்னு ஸஈத் என்ற அந்த ஒரே வழியில்தான் அறிவிக்கிறார்கள். அப்துல் மஜீத் இப்னு அப்துல் அஸீஸ் என்ற ஒரு மாணவர் மட்டும், மாலிக் இதை ஸைத் இப்னு அஸ்லம் வழியாக அபூஸஈத் அல்குத்ரீ (ரலி) அவர்களிடமிருந்து பெற்றதாக அறிவித்தார். இந்தப் புதிய தொடரில் உள்ள பெயர்கள் புகழ்பெற்றவை. செய்தியோ எல்லோரும் ஒப்புக்கொண்ட நபிமொழி. வெறுமனே பெயர்களைப் பார்த்துத் தீர்ப்பளிப்பவர் 'உமர் (ரலி) அவர்களுக்குத் துணையாக இன்னொரு நபித்தோழரும் கிடைத்துவிட்டார்' என்று மகிழ்ந்திருப்பார். ஹதீஸ் விமர்சகரான அபூஹாதிம் அர்ராஸீயோ, இதற்கு அடிப்படையே இல்லை என்று நிராகரித்தார். பிற்கால விமர்சகர் தாரகுத்னீயும் இதைத் தவறென்றே காட்டினார். தாங்கள் நேசிக்கும் ஒரு செய்திக்குக் கிடைத்த கூடுதல் சான்றைக்கூட, அது தவறு என்பதற்காக அவர்கள் தள்ளினார்கள். இந்த நேர்மைதான் என்னை இத்துறையின்பால் ஈர்த்து வைத்திருக்கிறது.

அப்படியானால் நிபுணர் சொல்வதை மற்றவர்கள் எப்படி நம்புவது?

அபூஹாதிமிடம் ஒருவர் வந்து சில ஹதீஸ்களைக் காட்ட, அவர் சிலவற்றைத் தவறு என்றும் சிலவற்றைப் பொய் என்றும் கூறினார். உமக்கு மறைவானவை தெரியுமோ என்று வந்தவர் கேட்டார். இதே ஹதீஸ்களை இத்துறை அறிந்த இன்னொருவரிடம் காட்டும், நாங்கள் இருவரும் ஒத்துப்போனால் ஊகத்தில் பேசவில்லை என்று தெரியும் என்று அபூஹாதிம் சொன்னார். அவர் அபூஸுர்ஆவிடம் போனார். அங்கும் அதே தீர்ப்புகள் கிடைத்தன. போலி தீனாரைக் கண்டுபிடிக்கும் நோட்டக்காரரோடு அபூஹாதிம் தம் கலையை அப்போது ஒப்பிட்டார்.

தொழுகையாளியும் நேர்மையாளருமான ஒருவரைப் 'பலவீனமானவர்' என்று சொல்வது நியாயமா?

அது அவருடைய அறிவிப்பின் நம்பகத்தன்மையைக் குறித்த தீர்ப்பு, இறையச்சத்தைக் குறித்ததன்று. மதீனாவின் நபி பள்ளிவாசலான மஸ்ஜிதுந் நபவியின் தூண்களைச் சுட்டிக்காட்டி, பொதுக்கருவூலத்தையே நம்பி ஒப்படைக்கத்தக்க எழுபது பேரை இங்கே சந்தித்தும் அவர்களிடம் ஒரு ஹதீஸையும் தாம் எடுக்கவில்லை என்று இமாம் மாலிக் கூறியதாக அறிவிக்கப்படுகிறது. அவர்கள் இத்துறைக்குரியவர்கள் அல்லர் என்பதே காரணம்.

எகிப்தின் நீதிபதி இப்னு லஹீஆவின் நிலை இதை நன்கு விளக்கும். அவருடைய நூல்கள் தீயில் அழிந்ததாகவும், பிற்காலத்தில் அவருடைய அறிவிப்புகளில் குழப்பம் மிகுந்ததாகவும் குறிப்பிடப்படுகிறது. விமர்சகர்கள் அவரை முழுவதுமாகத் தள்ளிவிடவில்லை. இப்னு முபாரக், இப்னு வஹ்ப் போன்று அவரிடம் முன்னரே கேட்டவர்களின் அறிவிப்புகளுக்குத் தனி மதிப்பளித்து, பின்னர் கேட்டவர்களுடையவற்றைப் பிரித்து வைத்தவர்கள் பலர். ஒரே மனிதரின் வாழ்நாளுக்குள் எந்த ஆண்டுவரை அவர் சொல்வதை நம்பலாம் என்று தேடிய அக்கறை அது.

உறவினர், நண்பர் என்ற தயவு இதில் இருந்ததா?

இமாம் புகாரியின் ஆசிரியர்களுள் ஒருவரான அலீ இப்னுல் மதீனியிடம் அவருடைய தந்தையைப் பற்றிக் கேட்டார்கள். வேறு யாரிடமாவது கேளுங்கள் என்றார். மீண்டும் கேட்டபோது தலைகுனிந்து, பிறகு நிமிர்ந்து, "இது மார்க்கம், என் தந்தை பலவீனமானவர்" என்றார். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இமாம் புகாரி ஆறு லட்சம் ஹதீஸ்களிலிருந்து தேர்ந்தெடுத்தார் என்றால், மற்ற அனைத்தும் பொய்யா?

இல்லை. ஹதீஸ் அறிஞர்கள் எண்ணியது செய்திகளை மட்டுமல்ல, அறிவிப்பாளர் தொடர்களையும்தான். ஒரே செய்தி நூறு வழிகளில் வந்தால் அது நூறு ஹதீஸ்கள். நபித்தோழர்கள், அவர்களுக்கு அடுத்த தலைமுறையினர் ஆகியோரின் கூற்றுகளும் அக்கணக்கில் சேரும். ஆதாரப்பூர்வமான பலவற்றை நூல் நீண்டுவிடும் என்பதற்காகத் தாம் விட்டுவிட்டதாக இமாம் புகாரியே சொன்னதாகவும் அறிவிக்கப்படுகிறது.

810ஆம் ஆண்டு புகாராவில் பிறந்த அவர், மக்கா, மதீனா, பஸரா, கூஃபா, பக்தாத், ஷாம், எகிப்து என்று அலைந்து கேட்டு, 16 ஆண்டுகள் உழைத்து ஸஹீஹைத் தொகுத்தார். திரும்ப வருபவற்றையும் சேர்த்து இன்றைய எண்வரிசையில் 7,563 ஹதீஸ்கள் உள்ளன. திரும்ப வருபவற்றைக் கழித்தால் 2,602 என்பது புகாரிக்கு விரிவுரை எழுதிய பிற்கால அறிஞர் இப்னு ஹஜரின் கணக்கு. 'எண்ணங்கள்' ஹதீஸ் மட்டும் ஏழு இடங்களில், வெவ்வேறு சட்டங்களுக்குச் சான்றாக வருகிறது.

அவருடைய இறுதிக்காலம் துன்பம் நிறைந்தது. நைஸாபூரில் ஆசிரியர் துஹ்லீயோடு ஏற்பட்ட கருத்து மோதலால் அவ்வூரை விட்டு வெளியேறினார். தம் சொந்த ஊரிலும் அவரால் தங்க முடியவில்லை. 870இல் ஸமர்கந்துக்கு அருகிலுள்ள கர்தங்க் என்ற சிற்றூரில் மறைந்தார். ஆனால் தம்மை ஊரைவிட்டு நீங்கச் செய்த அதே துஹ்லீயின் அறிவிப்புகள் இன்றும் ஸஹீஹுல் புகாரியில் இருக்கின்றன.

புகாரிக்கும் முஸ்லிமுக்கும் என்ன வேறுபாடு?

'இன்னாரிடமிருந்து' என்று மட்டும் சொல்லி ஒருவர் அறிவிக்கும்போது, அவ்விருவரும் சந்தித்ததற்குச் சான்று வேண்டும் என்று இமாம் புகாரி எதிர்பார்த்தார். இருவரும் ஒரே காலத்தவராகவும், சந்திக்க வாய்ப்புள்ளவர்களாகவும் இருந்து, நேரில் கேட்காததைக் கேட்டதுபோல் காட்டி ஏமாற்றும் வழக்கமும் அறிவிப்பவரிடம் இல்லையென்றால் அதுவே போதும் என்றார் இமாம் முஸ்லிம் (மறைவு 875). புகாரியின் நிபந்தனை இறுக்கமானது. மறுபுறம், ஒரு ஹதீஸின் எல்லா வழிகளையும் ஒரே இடத்தில் அடுக்கித் தருவதில் முஸ்லிமுக்கு நிகரில்லை; ஒப்பிட்டுப் படிக்க விரும்புபவர் அந்நூலில் தொடங்குவதே எளிது.

ஆறு நூல்கள் எவை?

இவ்விரண்டோடு அபூதாவூத் (மறைவு 889), திர்மிதீ (892), நஸாயீ (915), இப்னு மாஜா (887) ஆகியோரின் தொகுப்புகள் சேர்ந்தவை. பின் நான்கிலும் பலவீனமானவையும் உண்டு. இமாம் திர்மிதீ பெரும்பாலான ஹதீஸ்களின் கீழேயே அதன் தரத்தைக் குறிப்பிட்டுவிடுகிறார். இப்னு மாஜாவை ஆறாவதாகச் சேர்ப்பதில் நெடுநாள் கருத்து வேறுபாடு இருந்தது. ஆறாமிடத்தில் முவத்தாவை வைத்தவர்களும் உண்டு.

புகாரி, முஸ்லிம் நூல்களை எவரும் விமர்சித்ததே இல்லையா?

விமர்சித்தார்கள், பகிரங்கமாகவே. பக்தாதின் தாரகுத்னீ (மறைவு 995) இவ்விரு நூல்களிலும் தாம் குறை கண்ட அறிவிப்புகளைத் தொகுத்து நூலாகவே எழுதினார். அவரும் மற்றவர்களும் குறை சொன்னவற்றில் புகாரியைச் சார்ந்தவை 110 என்று எண்ணி, ஒவ்வொன்றாக எடுத்து இப்னு ஹஜர் பதிலளித்தார். அவற்றுள் பெரும்பாலானவை குறிப்பிட்ட ஒரு தொடரில் ஒரு பெயர் இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பது போன்ற நுட்பங்களைப் பற்றியவை. சில இடங்களில் விமர்சகர் பக்கம் வலு இருப்பதை இப்னு ஹஜரே ஒப்புக்கொள்கிறார். இத்தகைய உரைகல்லில் உரசப்பட்ட பிறகும் நிலைத்து நின்றதால்தான் அந்நூல்களுக்கு இந்த மதிப்பு.

தொடரை மட்டும் பார்த்தார்களா, செய்தியின் உள்ளடக்கத்தையும் பார்த்தார்களா?

உள்ளடக்க ஆய்வு நபித்தோழர்கள் காலத்திலேயே இருந்தது. குடும்பத்தார் அழுவதால் இறந்தவர் வேதனை செய்யப்படுகிறார் என்று இப்னு உமர் (ரலி) அறிவித்தபோது, ஆயிஷா (ரலி) அவர்கள் மறுத்தார்கள். ஒருவரின் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்ற குர்ஆன் வசனத்தை எடுத்துக்காட்டி, நபி (ஸல்) அவர்கள் ஒரு யூதப் பெண்ணின் மரணத்தின்போது சொன்னது அது என்று விளக்கினார்கள். இப்னு உமர் பொய் சொல்லவில்லை, மறந்திருப்பார் அல்லது தவறியிருப்பார் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். பொய்யையும் பிழையையும் அவர்கள் பிரித்துக்காட்டிய அந்தக் கண்ணியமே பின்வந்த விமர்சகர்களின் மொழியானது. இமாம் புகாரி இரு தரப்பையும் பதிவு செய்திருக்கிறார். ஆயிஷா (ரலி) அவர்களின் இத்தகைய திருத்தங்களை ஸர்கஷீ (மறைவு 1392) தனி நூலாகவே தொகுத்தார்.

வரலாற்று அறிவு பொய்யை உடைத்ததற்குக் கதீப் அல்பக்தாதீயின் (மறைவு 1071) தீர்ப்பு புகழ்பெற்றது. கைபர் யூதர்களுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து நபி (ஸல்) அவர்கள் விலக்களித்ததாக ஓர் ஆவணம் பக்தாதின் அமைச்சரிடம் கொண்டுவரப்பட்டது. அதைப் பார்த்த கதீப், போலி என்றார். அதில் முஆவியா (ரலி) சாட்சியாக இருக்கிறார். கைபர் வெற்றி ஹிஜ்ரி 7இல் நடந்தது, அவரோ மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல் இஸ்லாத்தைத் தழுவியவர். ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களும் சாட்சியாக இருக்கிறார். அவர் அகழ்ப்போருக்குப் பின் ஹிஜ்ரி 5இலேயே மறைந்துவிட்டார்.

பெண் அறிஞர்களின் பங்கு என்ன?

உமர் இப்னு அப்துல் அஸீஸ் தம் கடிதத்தில், ஆயிஷா (ரலி) அவர்களிடம் வளர்ந்த அம்ரா பின்த் அப்துர் ரஹ்மானின் ஹதீஸ்களையும் எழுதச் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. பிற்காலத்தில் மக்காவில் கரீமா அல்மர்வஸிய்யா ஸஹீஹுல் புகாரியைக் கற்பித்தார். மூலப்படியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் எவருடைய பிரதியையும் அவர் ஏற்கமாட்டார். ஹஜ்ஜுக்கு வந்த கதீப் அல்பக்தாதீ அவரிடம் ஐந்து நாட்களில் அந்நூலை வாசித்துக் கேட்டார். டமாஸ்கஸின் ஆயிஷா பின்த் அப்துல் ஹாதீ (மறைவு 1413) இப்னு ஹஜரின் ஆசிரியை. அறிவிப்பாளர்களை எடைபோடுவதில் தயவு காட்டாத தஹபீ, பெண்களில் பொய்க் குற்றச்சாட்டுக்கு உள்ளானவரோ அறிஞர்களால் கைவிடப்பட்டவரோ எவரையும் தாம் அறியவில்லை என்று எழுதினார்.

பிற்காலத்தவர் என்ன செய்தார்கள்?

சிதறிக் கிடந்த விதிகளை டமாஸ்கஸின் இப்னு ஸலாஹ் (மறைவு 1245) பாடநூலாக்கினார். ஆறு நூல்களின் அறிவிப்பாளர்கள் 8,000க்கும் மேற்பட்டோரின் ஆசிரியர்கள், மாணவர்கள், அவர்களைப் பற்றிய தீர்ப்புகள் ஆகியவற்றை மிஸ்ஸீ (மறைவு 1341) தஹ்தீபுல் கமாலில் அடுக்கினார். அது அச்சில் 35 பாகங்கள். அவருடைய மாணவரும் நண்பருமான தஹபீ (மறைவு 1348) விமர்சனத்துக்குள்ளானவர்களைத் தனியே ஆராய்ந்தார். கெய்ரோவின் இப்னு ஹஜர் (1372–1449) இவற்றைச் சுருக்கியும் விரித்தும் எழுதியதோடு, புகாரிக்கு ஃபத்ஹுல் பாரீ என்ற விரிவுரையை ஹிஜ்ரி 817இல் தொடங்கி 842இல் முடித்தார்.

இந்தியாவுக்கு இதில் இடமுண்டா?

நிச்சயமாக உண்டு. புர்ஹான்பூரில் பிறந்து மக்காவில் மறைந்த அலீ முத்தகீ (மறைவு 1567) கன்ஸுல் உம்மால் என்ற ஹதீஸ் தொகுப்பை உருவாக்கினார். மதீனாவில் கற்றுத் திரும்பிய டெல்லியின் ஷாஹ் வலியுல்லாஹ் (1703–1762) ஹதீஸ் பாடத்தைக் கல்வியின் நடுவே வைத்தார். 1888இல் தொடங்கப்பட்ட ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் என்ற பதிப்பகம் செய்த பணியை நம்மவர்கள் போதிய அளவு அறியவில்லை என்பது என் ஆதங்கம். இப்னு ஹஜரின் தஹ்தீபுத் தஹ்தீப் 12 பாகங்கள், பைஹகீயின் ஸுனனுல் குப்ரா 10 பாகங்கள், இமாம் புகாரியின் தாரீகுல் கபீர் ஆகியவை அங்குதான் அச்சேறின. யமனிலிருந்து வந்த முஅல்லிமீ (மறைவு 1966) அங்கே பிழைதிருத்துநராக அமர்ந்து, கையெழுத்துப் படிகளை வரிவரியாக ஒப்பிட்டார். பின்னர் ஹபீபுர் ரஹ்மான் அஃஸமீ, அப்துர் ரஸ்ஸாக்கின் முஸன்னஃப் என்ற ஹதீஸ் தொகுப்பை 11 பாகங்களாகப் பதிப்பித்தார். தமிழகத்தில் காயல்பட்டினத்தில் ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் நடைபெறும் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ், அந்நூலை ஓதிவரும் மரபைத் தொடர்கிறது.

ஷியாக்களிடம் தனித் தொகுப்புகள் உள்ளனவா?

உள்ளன. குலைனீயின் (மறைவு 941) அல்காஃபீ, ஸதூக்கின் ஒரு நூல், தூஸீயின் இரு நூல்கள் ஆகிய நான்கும் அவர்களிடம் முதன்மையானவை. அவர்களுக்கென அறிவிப்பாளர் ஆய்வு நூல்களும் உண்டு.

மேற்கத்திய ஆய்வாளர்கள் ஹதீஸ்களை ஏற்பதில்லை என்பது உண்மையா?

கோல்ட்ஸிஹரும் (1890) ஷாக்ட்டும் (1950) பெரும்பாலான ஹதீஸ்கள் பிற்கால விவாதங்களின் விளைவு என்று வாதிட்டார்கள். உத்தரப் பிரதேசத்தில் பிறந்த முஸ்தஃபா அஃஸமீ, கேம்பிரிட்ஜில் 1966இல் முடித்த ஆய்வில் தொடக்ககால எழுத்துச் சான்றுகளைத் திரட்டி மறுத்தார். ஹரால்ட் மோட்ஸ்கி, மேலே குறிப்பிட்ட முஸன்னஃபை ஆராய்ந்து, அதிலுள்ள செய்திகளில் கணிசமானவை ஹிஜ்ரி முதல் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்வதாகக் காட்டினார். அவர் கையாண்டதும் ஒரே செய்தியின் பல வடிவங்களை ஒப்பிடும் வழியே. எல்லா ஆய்வாளர்களும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. எனினும் ஷாக்ட் காலத்து முடிவுகளை இறுதித் தீர்ப்பாகக் காட்டுவது இன்று பொருந்தாது.

ஒரே ஹதீஸை ஒருவர் ஸஹீஹ் (ஆதாரப்பூர்வமானது) என்றும் மற்றவர் பலவீனமானது என்றும் சொன்னால் என்ன செய்வது?

இது பழைய காலத்திலும் இருந்தது. ஹதீஸ் அறிஞர் ஹாகிம் தம் முஸ்தத்ரக் என்ற தொகுப்பில் ஸஹீஹ் என்றவற்றுள் பலவற்றைத் தஹபீ மறுத்தார். நம் காலத்தில், அல்பேனியாவில் பிறந்து டமாஸ்கஸில் கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டே ழாஹிரிய்யா நூலகத்தில் கற்ற அல்பானீ (1914–1999) ஆயிரக்கணக்கான ஹதீஸ்களைத் தரம் பிரித்தார். முஸ்லிமில் உள்ள சிலவற்றையும் குறை கூறியதால் எதிர்ப்பைச் சந்தித்தார். முஸ்னத் அஹ்மதை 50 பாகங்களில் பதிப்பித்த குழுவை வழிநடத்திய ஷுஐப் அர்னாவூத் (மறைவு 2016) சில இடங்களில் வேறு முடிவுக்கு வந்தார். தரத்தைச் சொன்னவர் யார் என்பதோடு, என்ன காரணம் சொன்னார் என்பதையும் பார்ப்பதே முறை.

வாட்ஸ்அப்பில் வரும் ஹதீஸைச் சரிபார்ப்பது எப்படி?

முதலில் நூல் பெயரும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் புகாரிக்குத் தரப்படும் எண்கள் பெரும்பாலும் எகிப்தின் ஃபுஆத் அப்துல் பாக்கீ (1882–1968) அமைத்த வரிசையைப் பின்பற்றுபவை. முஸ்லிம் நூலில் பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும் என்பதால் அத்தியாயத்தின் பெயரையும் குறித்துக்கொள்வது நல்லது. புகாரி, முஸ்லிம் அல்லாத நூலாக இருந்தால், தரம் என்ன, யார் தரம் சொன்னார் என்று அடுத்துத் தேட வேண்டும்.

"சீன தேசம் சென்றேனும் கல்வியைத் தேடுங்கள்" என்பது தமிழ் மேடைகளில் நபிமொழியாக அடிக்கடி ஒலிக்கிறது. தேடினால் ஆறு நூல்களில் எதிலும் அது கிடைக்காது. இது பெரிதும் அறியப்பட்டிருக்கும் தொடரில் அபூஆத்திகா என்ற மிகப் பலவீனமான அறிவிப்பாளர் இருக்கிறார். இப்னு ஹிப்பான் இதை அடிப்படையற்றது என்றார். இப்னுல் ஜவ்ஸீ (மறைவு 1201) இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில் சேர்த்தார். செய்தி பிரபலமானதென்றாலும் தொடர் பலவீனமானது என்பது பைஹகீயின் கருத்து. அதே அறிவிப்பின் பின்பாதியில் "கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை" என்ற வாக்கியம் வருகிறது. அந்தப் பாதி மட்டும் இப்னு மாஜாவில் (எண் 224) வேறு தொடரில் இருக்கிறது. அந்தத் தொடரும் தனியே பார்த்தால் பலவீனமானதுதான். ஆனால் பல வழிகளில் வருவதால் அவையெல்லாம் சேர்ந்து ஹஸன் (ஸஹீஹுக்கு அடுத்த, ஏற்கத்தக்க நிலை) என்ற தரத்தை எட்டுகின்றன என்று மிஸ்ஸீ மதிப்பிட்டார். எனவே மேடையில் பேசுபவர் முதல் பாதியைப் பொன்மொழியாகச் சொல்லிக்கொள்ளலாம், நபி (ஸல்) அவர்களின் பெயரால் சொல்லக்கூடாது; இரண்டாம் பாதியை இப்னு மாஜாவின் எண்ணோடும், மிஸ்ஸீ சொன்ன தரத்தோடும் சேர்த்துச் சொல்லலாம்.